முகம் வேண்டாம், நிழல் போதும்

ஜனவரி 2, வியாழன்

பேனர் அச்சடிக்கும் எங்கள் கடைக்கு மை சப்ளை செய்கிற கம்பெனி வருஷா வருஷம் கொடுக்கும் டைரி. எப்போதும் காய்கறி வாங்கும் பையில் கிடந்து வீணாகும். இந்த வருஷம் ஒரு காரணம் கிடைத்திருக்கிறது. என் மனைவி சுகந்திக்குச் சாப்பாட்டுக்குப் பிறகு சர்க்கரை கொஞ்சம் ஏறுகிறது. தினமும் குறித்து வைக்கச் சொல்லியிருக்கிறார் டாக்டரம்மா.

"பயப்பட ஒண்ணுமில்ல. சாப்பிட்டதும் ரெண்டு பேரும் மெதுவா நடங்க. மாத்திரை இல்லாமலே குறையும்" என்றார்.

சுகந்திக்கு இது ஐந்தாம் மாதம். இதற்கு முன்பு இரண்டு தடவை தங்கவில்லை. ஒன்று மூன்றாம் மாதத்தில், மற்றது ஐந்தாம் மாதத்தில். அதைப் பற்றி இவ்வளவு எழுதினால் போதும்.

இன்று கடையில் ஒரு கண்ணீர் அஞ்சலி பேனர் வந்தது. முதுகு பிடித்திருக்கிறது என்று சொல்லி முதலாளி சவரிமுத்து அண்ணனிடமே தள்ளிவிட்டேன்.

ஜனவரி 5, ஞாயிறு

லால்குடியில் இருக்கும் மாமியாருக்குப் போன் செய்தேன். பேச்சுவாக்கில், இந்த மாதிரி நேரத்தில் சுகந்தியைப் படம் எடுக்கலாமா என்று கேட்டேன்.

"உங்க இஷ்டம் மாப்ள. அந்தக் காலத்துலதான் கண்ணு பட்டுரும்னு எடுக்க மாட்டாங்க" என்றார்.

என் அப்பா கறுப்புச் சட்டைக்காரர். எனக்கு அறவாழி என்று பெயர் வைத்ததே நாள் நட்சத்திரம் பார்க்காமல்தான். எங்கள் வீட்டில் ராகுகாலத்தில்தான் வெள்ளையடிப்போம். எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. ஆனாலும் பெரியவர்கள் ஒன்று சொன்னால் மீறக்கூடாது. சுகந்திக்கும் உள்ளுக்குள் பயம் இருக்கும். ஆகவே பிரசவம் வரை அவளைப் படம் எடுப்பதில்லை என்று முடிவு செய்து அவளிடம் சொன்னேன்.

அவள் தட்டை எடுத்துக்கொண்டு கழுவப் போய்விட்டாள்.

ஜனவரி 8, புதன்

நான் வேலை செய்யும் மின்னல் டிஜிட்டலில் எல்லாமே முகங்கள்தான். கல்யாணம், காதுகுத்து, பூப்புனித நீராட்டு, தலைவர் வருகை. திருச்சித் தெருக்களில் தொங்கும் முகங்களில் பாதிக்குச் சிவப்பேற்றி, பருவை அழித்து, பல்லை வெளுத்துக் கொடுத்தவன் நான். முதலாளி சவரிமுத்து அண்ணன் போன வருஷம் கல்யாண வீடுகளுக்கு வாடகைக்கு விடலாம் என்று ஓர் இன்ஸ்டன்ட் கேமரா வாங்கினார். அமுக்கினால் சீட்டுக்கட்டு அளவில் ஒரு வெள்ளை அட்டை வெளியே வரும். இரண்டு மூன்று நிமிஷத்தில் அதில் படம் தெரியும். கல்யாண வீட்டில் யாரும் சீந்தவில்லை. எல்லோர் கையிலும் போன் இருக்கிறது.

"ஃபிலிம் பெட்டி பெட்டியா கெடக்கு. தேதி முடியப்போவுது. எடுத்துட்டுப் போடா, எதையாவது சுடு" என்று கையில் திணித்தார்.

வீட்டுக்குக் கொண்டுவந்தேன். சுகந்தி புரட்டிப் புரட்டிப் பார்த்தாள்.

"இதுல எடுத்தா வேற யாரும் பாக்க முடியாதுல்ல? ஒரே ஒரு அட்டைதான?"

"ஆமா. ஆனா உன்ன எடுக்கிறதில்லைன்னு பேசியிருக்கோம்."

"நீங்க பேசினீங்க" என்றாள். கேமராவை என் பக்கம் நீட்டி, "முகம் வேண்டாம்னா நிழல எடுங்க. நிழலுக்குமா கண்ணு படும்?"

இதில் தவறு கண்டுபிடிக்க முடியவில்லை.

ஜனவரி 9, வியாழன்

இட்லி சாப்பிட்டதும் கிளம்பிவிட்டோம். எங்கள் நந்தி கோயில் தெருவில் இருந்து பெரிய கடை வீதி. காலையில் கடைகளின் ஷட்டர்கள் எல்லாம் இறங்கியிருக்கும். கிழக்கே இருந்து வெயில் சாய்ந்து நேராக ஷட்டரில் விழுகிறது. சினிமாத் திரை மாதிரி வரிசையாகத் திரைகள்.

ஒரு பாத்திரக் கடை ஷட்டரின் முன் சுகந்தி பக்கவாட்டில் நின்றாள். முதல் படத்தில் என் தலை நிழலும் சேர்ந்து விழுந்து, அவள் இடுப்பில் இருந்து ஒரு மண்டை முளைத்தது போல் வந்தது. இரண்டாவதில் நகர்ந்து நின்றேன். வெள்ளை அட்டையைச் சட்டைக்குள் வெயில் படாமல் வைத்துக்கொண்டு இரண்டு பேரும் நடுத்தெருவில் காத்திருந்தோம். முதலில் ஷட்டரின் கோடுகள் வந்தன. பிறகு பின்னல். பிறகு மூக்கு. பிறகு அவள் முழுதாக வந்து நின்றாள்.

"அய்யோ, நான்!" என்றாள் சத்தமாக.

குப்பை வண்டி அக்கா ஒருவர் நின்று எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். சர்க்கரை சரியாக இருந்தது.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். காந்தி மார்க்கெட்டில் இருந்து வந்த ஒரு கரும்புக் கட்டின் நிழலை சுகந்தியின் நிழல் தோளில் தூக்கிக்கொண்டு போவது போல் எடுத்தேன். கட்டைத் தூக்கி வந்தவர், "யம்மா, அப்படியே இந்தக் கட்டையும் கொஞ்சம் தூக்கேன்" என்றார். சுகந்தி சிரித்ததில் படம் ஆடிவிட்டது. ஆடியதே நன்றாக இருக்கிறது.

எல்லா அட்டைகளையும் பீரோக் கதவின் உள்பக்கம் ஒட்டி வைக்கிறாள். நான் வேண்டாம் என்றேன். கதவைத் திறந்தால் தெரியுமே. "தெரியத்தானே ஒட்டறது?" என்றாள்.

ஜனவரி 21, செவ்வாய்

சர்க்கரை சரி. வேறொன்றும் இல்லை.

போன தடவை இதே வாரக் கணக்கில்தான் போனது.

சிலிண்டர் வந்துவிட்டதா என்று கேட்க கடையில் இருந்து நாலைந்து தடவை வீட்டுக்குப் போன் செய்தேன். ஒவ்வொரு தடவையும் பொறுமையாகப் பதில் சொன்னாள். கடைசித் தடவைதான், "ஏங்க, சிலிண்டர் போன வாரமே வந்துருச்சு. நான் நல்லா இருக்கேன். வேலையப் பாருங்க" என்றாள்.

ஜனவரி 31, வெள்ளி

அந்த வாரமும் அதற்கடுத்த வாரமும் போயே போய்விட்டன. ஸ்கேனில் எல்லாம் நன்றாக இருக்கிறது. வரும் வழியில் சவரிமுத்து அண்ணனுக்கு அல்வா வாங்கினேன். எதற்கு என்று கேட்டார். சும்மா என்றேன். தின்று முடித்துவிட்டு, "சும்மாவே அடிக்கடி வாங்கு" என்றார்.

பிப்ரவரி 9, ஞாயிறு

மாலையில் தெப்பக்குளம் பக்கம் போனோம். பலூன்காரரின் கம்பு நிழலோடு சுகந்தியின் கை நிழல் சேர்ந்துகொண்டது. ஒரு கொத்துப் பலூனைப் பிடித்துக்கொண்டு பறக்கப் போகிறவள் போல் சுவரில் நிற்கிறாள். அடுத்து ஒரு மாட்டின் கொம்பு அவள் தலையில் முளைத்தது. மாடு அதன் பாட்டுக்குச் சுவரொட்டியைத் தின்றுகொண்டிருந்தது.

தெரு முனையில் பூ விற்கும் மேரி அக்கா எங்களை ஒரு மாதமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறாராம். இன்று கூப்பிட்டுவிட்டார்.

"தம்பி, கேக்குறேன்னு தப்பா நெனைக்காத. பொண்டாட்டி லட்சணமா முன்னாடி நிக்குது. அத விட்டுட்டு செவுத்தப் போயி எடுக்கற?"

"அவளுக்குப் பயம்க்கா. கண்ணு பட்டுரும்னு."

மேரி அக்கா சுகந்தியைப் பார்த்தார். சுகந்தி கூடையில் இருந்த மல்லிகையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இன்று எடுத்த படங்களில் ஒன்றை நான் இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறேன். சேலை மடிப்பு இல்லை, முந்தானை இல்லை. சுவரில் வயிறு நன்றாகவே தெரிகிறது.

பிப்ரவரி 12, புதன்

உதைக்கிறது! டீக்கடை வாசலில், நடக்கும்போது. சுகந்தி என் கையை இழுத்து வைத்தாள். நடுத்தெருவில் கூச்சமாக இருந்தது. கையை எடுக்கவும் மனமில்லை. டீ மாஸ்டர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டு ரொம்ப நேரம் டீ ஆற்றினார்.

மார்ச் 7, வெள்ளி

இன்று வளைகாப்பு. நடந்ததை முறையாக எழுத வேண்டும்.

சவரிமுத்து அண்ணன் போன வாரம், "ஃபிலிம் கெட்டிருக்கான்னு பாக்கணும், ஒரு படம் குடு" என்று கேட்டார். ஷட்டர் முன்னால் சுகந்தி கையை உயர்த்தித் தலையில் பூவைச் சரிசெய்யும் படம், போன மாதம் எடுத்தது, அதைக் கொடுத்தேன். திருப்பித் தரவில்லை. நானும் மறந்துவிட்டேன்.

காலையில் வாழை இலை வாங்கக் கீழே இறங்கினால், தெரு முனையில் மின்கம்பத்துக்கும் வேப்பமரத்துக்கும் நடுவில் பத்தடிக்கு ஒரு பேனர். அந்த நிழல். பெரிய வயிறு, உயர்த்திய கை. மேலே 'வளைகாப்பு' என்று ஒரே ஒரு வார்த்தை. பெயர் இல்லை, முகம் இல்லை, வாழ்த்துவோர் பட்டியல் இல்லை. இந்த ஊரில் இப்படி ஒரு பேனரை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். நான் வடிவமைத்த எந்தப் பேனரும் இவ்வளவு அழகாக இருந்ததில்லை என்பதையும் எழுதித்தான் ஆக வேண்டும்.

ஆனால் சுகந்தி பார்த்தால் பயந்துவிடுவாளே என்று மேலே ஓடி அரிவாள்மனையைத் தூக்கிக்கொண்டு வந்தேன், கயிற்றை அறுக்க. அதற்குள் மேரி அக்கா ஒரு முழு ரோஜா மாலையோடு ஸ்டூலில் ஏறிக்கொண்டிருந்தார். பேனருக்குப் போடப் போகிறாராம்.

"அக்கா, வேண்டாம்!" என்று கத்திவிட்டேன். யார் படத்துக்கு மாலை போடுவார்கள்? நான் மாலையைப் பிடுங்க, அவர் விடாமல் இழுக்க, ரோஜா இதழ் தெருவெல்லாம் கொட்டியது.

"என்னங்க சத்தம்?"

சுகந்தி பட்டுச் சேலையில் வாசலில் நின்றாள். பின்னால் மாமியார், அவருக்குப் பின்னால் லால்குடியில் இருந்து வந்த பெண்கள் எல்லோரும். ஒரு கையில் அரிவாள்மனையும் மறு கையில் பாதி மாலையுமாக நான். சுகந்தி பேனரை அண்ணாந்து பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"ஏங்க" என்றாள். "என் மூக்கு இவ்ளோ பெருசாவா இருக்கு?"

பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். மெதுவாகச் சிரி, மெதுவாகச் சிரி என்று மாமியார் பதறினார். மேரி அக்காவின் கையில் இருந்த மிச்ச மாலையை வாங்கித் தன் கழுத்திலேயே போட்டுக்கொண்டாள். பெண்கள் எல்லோரும் பேனரைப் போலவே கையைத் தூக்கி வரிசையாக நின்று ஆளாளுக்குப் போனில் படம் எடுத்துக்கொண்டார்கள். சவரிமுத்து அண்ணன் தூரத்தில் ஸ்கூட்டரில் சாய்ந்து நின்று, திட்டு விழுமா பாராட்டு விழுமா என்று தெரியாமல் ஹெல்மெட்டைக் கழற்றாமலே இருந்தார்.

சுகந்தியின் இரண்டு கையிலும் முழங்கை வரை கண்ணாடி வளையல். அவள் நகர்ந்தாலே வீடு சத்தம் போடுகிறது. பயப்படவில்லை போலிருக்கிறது. எனக்காக வெளியே காட்டிக்கொள்ளாமல் இருக்கலாம்.

மார்ச் 23, ஞாயிறு

சர்க்கரை கொஞ்சம் ஏறியது. மாம்பழம். கேட்டால் ஒரு துண்டு என்கிறாள். கொட்டையைக் குப்பையில் பார்த்தேன்.

ஏப்ரல் 18, வெள்ளி

புனித வெள்ளி, கடை விடுமுறை. எட்டாம் மாதம் நடக்கிறது.

காலைப் பேப்பரில் போட்டிருந்தான். இன்று உச்சி வேளையில் திருச்சியில் சூரியன் சரியாகத் தலைக்கு மேல் வருமாம். நட்டு வைத்த கம்புக்கு நிழலே விழாதாம். வருஷத்தில் இரண்டு நாள்தான் அப்படி. நல்ல அறிவியல் செய்தி. பேப்பரை மடித்து அரிசி டிரம்முக்குக் கீழே வைத்தேன், டிரம் ஆடுகிறது என்பதற்காக.

மதியம் அவளைப் படுக்கச் சொன்னேன். சரி என்றாள். குளித்துவிட்டு வந்து பார்த்தால் கட்டில் காலி. வாசல் கதவு திறந்திருந்தது.

செருப்புகூடப் போடாமல் இறங்கி ஓடினேன். நடுத்தெருவில், சுட்டெரிக்கிற வெயிலில், சுகந்தி நின்றுகொண்டிருந்தாள். பக்கத்தில் மேரி அக்கா. தரையில் ஒரு எவர்சில்வர் டம்ளரைக் கவிழ்த்து வைத்திருந்தார்கள். அதைச் சுற்றி ஒரு கோடு நிழல் இல்லை. மின்கம்பத்துக்கு இல்லை. சுகந்தியின் காலடியில் மட்டும் தட்டு அளவுக்கு ஒரு கறுப்பு. அதுவும் அவள் வயிற்றுக்கு நேர் கீழே பதுங்கியிருந்தது. தெருவில் அவள் உருவம் விழவே இல்லை.

என்னைப் பார்த்ததும் கையை ஆட்டினாள். "வாங்க, வாங்க! என்னையக் காணோம்!"

எனக்கு என்ன ஆயிற்று என்று தெரியவில்லை. அவள் கையைப் பிடித்து இழுத்தேன். "உள்ள வா."

"ரெண்டு நிமிஷங்க. கேமராவ எடுத்துட்டு வாங்க. இத எடுக்க வேண்டாமா?"

"வேண்டாம். இதெல்லாம் எடுக்கக் கூடாது. உள்ள வா சுகந்தி. நீ பயந்துருவ."

அவள் நகரவில்லை. "நானா?" என்றாள்.

மேரி அக்கா டம்ளரைக் குனிந்து எடுத்துக்கொண்டு தன் கூடைக்குப் போய்விட்டார்.

"எனக்குப் பயம்னு நான் எப்பங்க சொன்னேன்? ஒரு தடவ சொல்லுங்க பாப்போம்."

நினைத்துப் பார்த்தேன். தெருவில் வெறுங்காலோடு நின்று ஜனவரியில் இருந்து நினைத்துப் பார்த்தேன். ஒரு தடவைகூட இல்லை.

"போன தடவ நீங்க என்னைய எடுத்தீங்க. எல்லாருக்கும் அனுப்பினீங்க. நாலாம் நாள் ஆஸ்பத்திரிக்குப் போனோம். அந்தப் போட்டோவாலதான்னு நெனச்சு உங்க போன்ல இருந்து அழிச்சீங்க. எனக்குத் தெரியாதுன்னு நெனச்சீங்களா?"

அவள் காலடியில் இருந்த கறுப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"எங்கிட்ட இருக்கு. நான் அழிக்கல. மஞ்சப் புடவ கட்டிட்டு சிரிச்சுட்டு நிப்பேன். நல்ல போட்டோங்க அது. அந்தப் பிள்ளையோட நான் இருக்கிற ஒரே போட்டோ. போட்டோ என்ன பண்ணும்? டாக்டரம்மா அன்னைக்கே காரணம் சொன்னாங்கள்ல?"

"சொன்னாங்க."

"அப்புறம்?"

வெயிலில் கால் பொசுக்கியது. மாற்றி மாற்றி நின்றேன். அவள் அதைப் பார்த்துவிட்டுத் தன் செருப்பில் ஒன்றைக் கழற்றி என் பக்கம் தள்ளினாள். ஆளுக்கொரு செருப்பில் நின்றோம்.

"உங்களுக்குத் தைரியம் வரட்டும்னுதான் இத்தனை நாளா நிழலுக்கு நின்னேன். அதுவும் நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா சைடு வாட்டமாவே நின்னு நின்னு கழுத்து போச்சு. நாளைக்கு நேரா நிப்பேன். எடுங்க."

எனக்கு நம்பிக்கையெல்லாம் கிடையாது என்று சொல்ல வாயெடுத்தேன். தலையை மட்டும் ஆட்டினேன்.

ஏப்ரல் 19, சனி

பாத்திரக் கடை ஷட்டர். காலை வெயில். சுகந்தி நேராக நின்றாள். கேமராவின் சின்னக் கண்ணாடியில் அவள் முகத்தைப் பார்த்தேன்.

ஊருக்கெல்லாம் முகம் திருத்துகிறவன் இந்த மாதங்களில் என் வீட்டு முகத்தைச் சரியாகப் பார்க்கவில்லை. கன்னத்தில் இரண்டு பக்கமும் கருமை படர்ந்திருக்கிறது. மூக்கு உண்மையாகவே கொஞ்சம் பருத்திருக்கிறது. கழுத்து மடிப்பில் வியர்வை. உதட்டோரத்தில் காலையில் சாப்பிட்ட சட்னி. இந்த முகம் கடைக்கு வந்திருந்தால் இத்தனையையும் அழித்திருப்பேன்.

"இன்னும் எத்தனை நேரம்? கண்ணு கூசுது" என்றாள்.

அமுக்கினேன். முதல் படத்தில் கண்ணை மூடிவிட்டாள். இரண்டாவதில் ஒரு பால்காரர் குறுக்கே வந்து ஹேண்டில்பாரை மட்டும் விட்டுப் போனார். மூன்றாவதில் சிரிக்கிறாள். பல் தெரிய, சட்னியோடு.

அவளுக்கு முதல் படம்தான் பிடித்திருக்கிறதாம். பெண்கள் மனம் எனக்குப் புரிவதில்லை. மூன்றாவது என் சட்டைப் பையில் இருக்கிறது.

மே 6, செவ்வாய்

இன்று ஒரு கண்ணீர் அஞ்சலி பேனர் வந்தது. நானே செய்தேன். வரகனேரிப் பெரியவர் ஒருவர், தொண்ணூறு தாண்டியவர், நல்ல களையான முகம். சுருக்கத்தை ஒன்றும் தொடவில்லை. "முதுகு சரியாயிருச்சா?" என்று அண்ணன் கேட்டார்.

மே 19, திங்கள்

மூன்று நாள் முன்பே சேர்த்துவிட்டோம். எழுத முடியவில்லை. நடந்ததைச் சுருக்கமாக.

மாமியாரும் நானும் பிரசவ வார்டு வாசலில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். மாமியார் உதட்டுக்குள் கந்த சஷ்டி. நானும் ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்ததாக அவர் பிறகு எல்லோரிடமும் சொல்கிறார். நான் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தேன். எட்டாம் வாய்ப்பாடு.

கதவு திறந்து நர்ஸ் வந்தார். கையில் ஒரு துணிச் சுருள்.

"சுகந்தி வீட்டுக்காரர் யாரு?"

எழுந்து நின்றேன். கையைத் தூக்கினேன், பள்ளிக்கூடத்தில் ஆஜர் சொல்வது போல.

"பொம்பளப் புள்ள. அம்மா நல்லா இருக்காங்க, பசிக்குதாம். கைய இப்படி வைங்க. இப்படி இல்ல சார், தலைக்கு அடியில."

ரொம்பச் சிவப்பாக, ரொம்பக் கோபமாக இருந்தாள். நெற்றி முழுக்கச் சுருக்கம். என்னை ஒற்றைக் கண்ணால் பார்த்தாள், அதையும் உடனே மூடிக்கொண்டாள். மாமியார் என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்து, "மாப்ள, மூக்கு உங்க மூக்குதான்" என்றார். "இல்ல, அவ மூக்கு" என்றேன். நர்ஸ், "ரெண்டும் இல்ல, இப்பத்தான வந்திருக்கு, ரெண்டு நாள் போவட்டும்" என்றார்.

உள்ளே போனபோது சுகந்தி வெளிறிப்போய்ப் படுத்திருந்தாள். தலைமுடியெல்லாம் ஒட்டிக்கொண்டிருந்தது.

"பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"எப்படி இருக்கா?"

சொல்ல வேண்டும் என்று நிறைய வைத்திருந்தேன். "கோவமா இருக்கா" என்றேன்.

சுகந்தி கண்ணை மூடிக்கொண்டு சிரித்தாள். "பசியா இருக்கும். எனக்கும்தான். இடியாப்பம் கிடைக்குமா பாருங்க. அவள எங்கிட்ட குடுத்துட்டுப் போங்க. குடுங்க. என்னங்க, குடுங்கன்னா?"

கொடுக்க எனக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

மே 25, ஞாயிறு

வீட்டுக்கு வந்துவிட்டோம். சர்க்கரை சரி. மற்றதை எழுத உட்கார்ந்தேன், பாப்பா விழித்துக்கொண்டாள்.